எட்வினின் கைரோவில் நான் துடைத்த சந்தனம்

எட்வின் போய்விட்டான்... காலையில் போன் வந்தது. தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்காம்.

காக்ஸ் டவுன் எட்வின். ஃபேக்டரியில் என்னோடு பதினோரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்ட்ஸ் செக் பண்ணியவன். அவன் ஓகே போட்டதை நான் திரும்பப் பார்த்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் கிட் கொண்டுவந்தார். பெட்டி நிறைய நட்டும் போல்ட்டும். அல்சூரில் எங்கள் வீட்டு மாடி ரூமில், ஞாயிறு ஞாயிறாக நாலு மாதம் உட்கார்ந்து மாட்டினோம்.

இரண்டு பிளேடும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று துளித்துளியாக டேப் ஒட்டிப் பார்ப்பான். ஒரு முழு ஞாயிறு அதிலேயே போனது.

"சாம்பார் ஆறிப்போகுதுடா" என்பேன். "பிளேடு பிச்சுக்கிட்டு உன் மூஞ்சில அடிச்சா, அப்புறம் சாம்பார் யாரு சாப்பிடறது?" என்பான்.

வால் கண்டபடி சுற்றாமல் பிடித்துவைக்க தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா உண்டு... கைரோ. அதில் நகக்கண் அளவு ஒரு சுவிட்ச். அது தப்பான பக்கம் இருந்தால் வாலைப் பிடிக்காது, இன்னும் வேகமாகச் சுழற்றிவிடும்.

முதல் தடவை பறக்கவிடுவதற்கு முந்தின நாள், எட்வின் ஹெலிகாப்டரைக் கையில் பிடித்து மூக்கைத் திருப்பித் திருப்பி அதை மூன்று முறை பார்த்தான். சரியாக இருந்தது. நானும் பார்த்தேன்.

மறுநாள் சர்ச் முடித்து நேராக வந்தான். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்... புது வண்டியை பூஜை போடாமல் யாராவது எடுப்பார்களா?

"போடு மூர்த்தி, உங்க சாமியும் ஒரு கை புடிக்கட்டும்" என்று சிரித்தான். கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். கண்ணில் பட்ட இடமெல்லாம் சந்தனம், குங்குமம். கைரோவையும் விடவில்லை.

அவன் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில், சந்தனம் வழிந்திருக்கிறதே என்று பழைய பனியனால் அழுத்தித் துடைத்தேன்.

ஹெப்பாள் தாண்டி ஒரு மைதானம். "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்றவனை, "நேத்துதானே பாத்தே, ஸ்டார்ட் பண்ணுடா" என்று அவசரப்படுத்தியதும் நான்தான்.

ஒரு அடிகூட எழும்பவில்லை... பம்பரமாகச் சுற்றிச் சாய்ந்தது. பிளேடு தரையில் அடித்துத் துண்டு துண்டாகப் போனது.

அங்கே ரிமோட் விமானம் பறக்கவிட வந்திருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "கைரோ ரிவர்ஸ்ல இருக்கே... செக் பண்ணலையா?"

"பாத்தேனே சார்..." என்றான் எட்வின். பிளேடு துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "பாத்த மாதிரிதான் இருந்துச்சு" என்றான்.

சுவிட்ச் இடுக்கில் சந்தனம் இழுபட்டிருந்ததை நான் பார்த்தேன்... நான் துடைத்ததில்தான் அது நகர்ந்திருக்கிறது. வாய் திறக்கவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் திங்கட்கிழமை என்று நினைத்தேன்...

அதன் பிறகு ஒரே பார்ட்டை ஐந்து முறை அளப்பான். "நீயும் ஒரு தடவை பாத்துடு மூர்த்தி" என்று நீட்டுவான். எல்லோரும் கிண்டல் செய்தோம். நானும்தான்... சீ.

சூப்பர்வைசர் போஸ்ட் தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டான். "என் கண்ணை நானே நம்பறதில்ல" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இன்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லா அழவில்லை. சும்மா பேசிக்கொண்டே இருந்தார்.

"வீட்டைப் பூட்டிட்டு தெரு முனை வரைக்கும் போவாருண்ணா... திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பாப்பாரு. தன் மேலயே நம்பிக்கை இல்லாம போச்சு அவருக்கு. ஏன்னு உங்களுக்காவது தெரியுமா?"

தெரியாதும்மா என்றேன்.

போய் வா எட்வின்... நீ சரியாகத்தான் பார்த்திருந்தாய்.