ஜாம்பியாவிலிருந்து வந்த உறை

இல்லை. அந்த உறையை வெட்டியது தனம் அக்கா அல்ல.

ஞாயிறு காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தனலட்சுமி, பதினோரு வருடம் தபால் பிரிவில், பிறகு கிடங்கில். பழவேற்காட்டில் தன் வீட்டில் மாரடைப்பு. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர் எழுதினார்: "நல்ல மனுஷி. அந்த ஸ்டாம்ப் மேட்டர் ஒண்ணுதான்." யாரும் மறுக்கவில்லை. நானும்.

நம் பம்புகள் ஜாம்பியாவுக்குப் போகின்றன. அங்கிருந்து வரும் கடிதங்களின் தபால்தலைகளில் அந்த நாட்டுப் பறவைகள் இருக்கும். தேவைப்படாத உறைகளை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார் அக்கா. மீன்பிடிக் கழுகு வந்த அன்று ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். "எங்க ஆளுங்களுந்தான் ஏரில மீன் புடிக்கிறாங்கோ. எவன் ஸ்டாம்ப் போட்டான்?" அவர் சிரித்தால் அடுத்த அறைக்கும் கேட்கும்.

பிறகு அந்தப் பதிவுத் தபால். வெள்ளைத் தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு. ஜாம்பியாவைத் தவிர வேறெங்கும் இல்லாத குக்குறுவான் பறவை. ஒரே மாதிரி மூன்று தபால்தலைகள். அக்கா அன்று விடுப்பு, மறுநாள் அவர் பிறந்தநாள். நான் சேர்ந்து ஐந்து மாதம். கோப்பிலிருந்த உறையின் மூலையைக் கத்தரித்தேன். டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிரித்தேன். காயவைத்துப் பரிசாகக் கொடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "கவர் எங்கடி?"

"ஃபைல்லதான்க்கா. மூலைய மட்டும் வெட்டினேன்."

"முத்திரைய அறுத்துட்டியா? இன்னாடி பண்ணி வச்சிகீற!"

அது புகார்க் கடிதம். உத்தரவாதக் காலத்துக்குள் அஞ்சலில் சேர்க்கப்பட்டதா என்பதற்கு முத்திரைத் தேதிதான் சாட்சி. தேதி இருந்த பாதி, நான் குப்பையில் எறிந்த காகிதத்தில். கோப்பு அதற்குள் மேலாளர் மேசைக்குப் போயிருந்தது.

"இங்க ஸ்டாம்ப் சேக்கிறது யாரு?" என்றார் மேலாளர்.

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். "வாயத் தொறக்காத. நீ பர்மனென்ட் ஆவ இன்னும் ஒரு மாசம்தான் கீது." எழுந்து போய் மூன்று தபால்தலைகளையும் மேசைமேல் வைத்தார்.

"என்கிட்டதான் இருக்குது சார்."

அது பொய்யல்ல.

"ஏன் வெட்டினீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. நானும்.

அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் மேசைக்கு என்னைப் போட்டார்கள். ஒருமுறை கேன்டீனில், "சொல்லிடறேன்க்கா" என்றேன். "சொல்லி? நீயும் போவ, நானும் திரும்பி வரமாட்டேன். பேசாம சோறு துண்ணு." தின்றேன். அடுத்த மாதம் நிரந்தரமானேன். அதற்குப் பிறகும் சொல்லவில்லை. வேறு நேரத்தில் சாப்பிடப் போகத் தொடங்கினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை பழவேற்காடு போனேன். அவர் தம்பி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் தாளுக்குள் உறைகள். கழுகு, கொக்கு, பஞ்சுருட்டான். எல்லாம் முழு உறைகள். முகவரியோடு, முத்திரையோடு. கத்தரி பட்டது ஒன்றுகூட இல்லை.

"அக்கா யாரையும் கை வைக்க உடாதும்மா. எப்ப கெளம்புச்சு, எங்கேந்து வந்துச்சுன்னு தெரியாட்டி அது வெறும் கலர் பேப்பருடான்னு திட்டும்."

தபால்தலை சேகரிப்பவர் ஒருவர் அன்று அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார், வெட்டியவர் சேகரிப்பவர் அல்ல என்று. அங்கே சேகரிப்பவராக இருந்தது அக்கா மட்டும்தான், அவர் சொல்லவில்லை. இன்னொரு ஆளுக்கு உண்மை தெரியும். அது நான்.

பறவைகளைத் தம்பியே வைத்துக்கொண்டார். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த வேலை.

இதையெல்லாம் எழுதி இரண்டு பிரதி எடுத்து, முழுப் பெயர் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒன்றை மேலாளரிடம் கொடுத்தேன். மற்றதைக் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.