திரைக்குக் கீழே போன கைகள்

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது; பேச்சும் வராது. ஆனால் எங்கள் வீட்டில் அவள்தான் வாயாடி. இரண்டு கையாலும் பேசுவாள், நடுவில் யாரையும் பேசவிடமாட்டாள். அவள் கைப்பேச்சில் என் பெயர், மூக்கை ஒரு விரலால் துடைத்துவிடுவது. சின்ன வயதில் எனக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகுமாம். தலை நரைத்த பிறகும் அதே பெயர்தான்.

அவள் வாழ்க்கைப்பட்டது களமருதூரில். நான் கள்ளக்குறிச்சியில், வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் அமைக்கிறேன். போனில் வீடியோ போட்டால் ஒரு கை போனைப் பிடிக்கப் போய்விடும். பாதிப் பேச்சு அங்கேயே போச்சு. அதனால் நெட்புக் என்கிற என்னுடைய பழைய குட்டி லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, வீடியோ செயலியையும் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மேசையில் வைத்துவிட்டால் இரண்டு கையும் சும்மாதானே இருக்கும்.

முதல் நாள் கூப்பிட்டேன். கையாலேயே ஏதேதோ கேட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள், பதிலே இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நெட்புக்கைப் பட்டென்று மூடிவிட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மெனக்கெட்டுச் செய்து கொடுத்ததற்கு இதுதான் மரியாதையா?

அன்று சாயங்காலம் அக்காவின் கணவர் போன் செய்தார்.

"இன்னாம்மா, உங்க அக்கா அழுதுகினு இருக்கா. நீ டூ வுட்டுட்டியாமே?"

எங்கள் வீட்டில் அக்காவோடு சண்டை என்றால் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அவளைச் சும்மா பார்ப்போம். அதுதான் டூ. அதைவிட அவளை நோகடிக்க வேறு வழியில்லை. நான் எங்கே அப்படிச் செய்தேன்?

காலையில் முதல் பஸ்ஸில் போனேன். நெட்புக்கைத் திறந்ததும் விளங்கிவிட்டது. கொடுத்தனுப்புமுன், கண் வலிக்கிறதென்று என் பெரிய மானிட்டரை அதில் மாட்டித்தான் எல்லாவற்றையும் அமைத்திருந்தேன். வீடியோ விண்டோ அந்த அளவையே ஞாபகம் வைத்துக்கொண்டு திறந்தது. நெட்புக்கின் குட்டைத் திரையில் அதன் மேல்பாதிதான் அடங்கியது. முகம் தெரியும், கைகள் கீழே போய்விடும். மூன்று நாளாக அக்கா பார்த்தது, கையைத் தூக்காமல் முறைத்துக்கொண்டிருந்த தங்கையை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

விண்டோ திறக்கும்போதே எப்படி நிற்க வேண்டும் என்று லினக்ஸில் எழுதிவைக்கலாம். திரைக்குள் முழுதாக அடங்கு, மற்றதெல்லாம் உனக்குப் பின்னால்தான் என்று நான்கு வரி எழுதினேன். சொன்னபடி கேட்டது. அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், பிறகு சோறு போட்டாள்.

வீடு திரும்பியதும் கூப்பிட்டேன். கை தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்று தலையாட்டினாள். அப்புறம் கையால் கேட்டாள்: "உன் கண்ணு ஏன் அந்தப் பக்கமே போவுது?"

என் பெரிய திரையில் அக்கா ஒரு மூலையில் சின்னதாகத் திறக்கும்படி நானே எழுதிவைத்திருந்தேன். நடுவில் எப்போதும் புத்தகப் பக்கம். அவள் பேசப் பேச நான் பிழை திருத்திக்கொண்டிருப்பேன். மற்றவர்களோடு அப்படிப் பேசலாம், காது கேட்டுக்கொண்டிருக்கும். அக்காவிடமிருந்து கண்ணை எடுப்பது காதைப் பொத்திக்கொள்வதுதான். வெட்கமாக இருந்தது.

கொஞ்சம் இரு என்று காட்டிவிட்டு, அந்த வரியை அழித்து, அவளுக்கு எழுதியதையே எனக்கும் எழுதினேன். திரும்பக் கூப்பிட்டபோது புத்தகப் பக்கம் பின்னால் போய்விட்டது. திரை முழுக்க அக்கா. அவள் முகத்தில் இவ்வளவு சுருக்கம் விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.