மலைப்பாதையை மறித்த சினிமா

ரேணுகாதேவிக்குச் சினிமாக்காரர்கள் என்றாலே இப்போது ஆகாது. அவர்கள் வந்த புதிதில் அப்படியில்லை. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் அவள். தண்ணீர் வரவில்லை, பஸ் வரவில்லை என்று செல்போனில் தட்டி அனுப்புவாள். நாலு வரி வந்தால் உண்டு. அப்படிப்பட்டவளுக்கு, எமர்ஜென்சி காலத்தில் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகச் சிறை போன நிருபர்களின் கதையைத் தன் மலையில் படமெடுக்கிறார்கள் என்றால் தலைகால் புரியுமா? கோஷம் போடும் பெண் நிருபர் வேடம் கொடுத்தார்கள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள்.

முதல் நாளே மலைப்பாதையை மறித்து, போலீஸ் வேன் போகும் காட்சியை எடுத்தார்கள். பிரசவ வலியில் துடித்த உள்ளூர்ப் பெண் பாஞ்சாலையை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்பை, டேக் முடியட்டும் என்று வளைவிலேயே நிறுத்திவைத்தார்கள். புருஷன் வேடியப்பன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் விடவில்லை. வெளிச்சம் போய்விடுமாம் மகராசன்களுக்கு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை செத்துவிட்டது.

வேடியப்பன் ரேணுகாதேவியைத் தேடி வந்தான். "உள்ளது உள்ளபடி பேப்பர்ல வரணுங்க்கா. நாளைக்கு இன்னொருத்தி வண்டிய நிறுத்தக் கூடாது."

எழுதி அனுப்பினாள். மறுநாள் அந்தச் செய்தி இல்லை. கதாநாயகன் கைவிலங்கோடு நிற்கும் படம் அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு, அந்தச் சினிமாவுக்கு நம் பத்திரிகைதான் விளம்பரக் கூட்டாளி, வம்பு வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார் செய்தி ஆசிரியர். சுதந்திரமாம், மண்ணாங்கட்டி.

அன்றைக்குத்தான் அவளுடைய காட்சி. போகாமல் இருந்திருக்கலாம், போனாள். கேமரா ஓடியது. உண்மையை எழுதினால் ஜெயிலா என்று கத்தவேண்டிய இடத்தில், "வழிய மறிச்சி பாஞ்சாலை புள்ளயக் கொன்னுட்டீங்க, அத எழுதவும் வுட மாட்டேன்றீங்க" என்று கத்தினாள். கண்ணீர் கொட்டியது.

இயக்குநர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ கைதட்டினார்.

"அழுகை பிரமாதமா வந்துச்சும்மா. இப்படியே இன்னொரு டேக் போயிடலாம். அந்தக் குழந்தை மேட்டர மட்டும் விட்டுடுங்க."

அவர் காலடியில் காறித் துப்பினாள் ரேணுகாதேவி. அப்போதுதான் அந்த மனுஷனுக்குக் கோபம் வந்தது.