மெயினும் கிராஸும்

லிங்கராஜபுரத்தில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது; பெரிய தெரு மெயின், குறுக்குத் தெரு கிராஸ், அதற்கொரு எண். எங்கள் வீடு ஏழாவது கிராஸ், நான்காவது மெயின். கணவர் காலமாகி, மகனும் பூனாவுக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். யார் வீட்டுக்கும் சும்மா போக எனக்குக் கூச்சம்.

புதிதாக வந்த தபால்காரர், நான்காவது கிராஸ், ஏழாவது மெயினுக்கு வரும் கடிதங்களை என் வீட்டில் போட ஆரம்பித்தார். இரண்டையும் மாற்றிப் படிக்கிறார் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த வீட்டு சரோஜம்மா, "ஒளகே பன்னி, உள்ளே வாங்க" என்று கன்னடம் கலந்து கூப்பிட்டுக் காபி கொடுப்பார். சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசுவதே அவரிடம்தான்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே தபால்காரர் வாசலில் வந்து நின்றார்.

"தப்பாயிடுச்சும்மா. மெயினையும் கிராஸையும் மாத்திட்டேன். இனிமே கரெக்டா இங்கயே குடுத்துடறேன்."

இனி இங்கே வர எனக்கு என்ன காரணம் இருக்கிறது? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

சரோஜம்மா சிரித்தார். "பேடப்பா, வேணாம்! அவங்க வீட்டுலயே போடு. கடுதாசி இல்லாட்டி இந்தம்மா இந்தப் பக்கம் வருவாங்களா?"

நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். என் தனிமை வெளியே யாருக்கும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.