எண்ணூர்க் கடலில் நனையாத உச்சி

நான் வடிகட்டின முட்டாள். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் தண்ணீருக்குள் தலையை விடப் பயம். காதலித்ததோ முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைக்காரர் மகளை.

"ராயபுரம் கோயில்ல கைக்கொழந்தையிலயே ஞானஸ்நானம் வாங்கினவன் மாமா நான்," என்று அவள் அப்பாவிடம் மன்றாடினேன்.

"அது இன்னா, உனுக்குத் தெரிஞ்சா வாங்கினே? நம்பி, நீயா முழுவு. அப்பால கல்யாணம் பேசலாம்."

எண்ணூர்க் கடலில் பாஸ்டர் என்னை அமுக்கினார். நான் ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். உச்சி நனையவில்லை. அவர் என்னைப் பிய்த்தெடுப்பதற்குள் ஓர் அலை வந்து இருவரையும் முழுதாக முக்கிவிட்டுப் போனது.

கரையில் நின்ற வருங்கால மாமனாரைப் பார்த்து, "இது போதுமா மாமா?" என்று இருமிக்கொண்டே கத்தினேன்.

"அலை இன்னா பாஸ்டரா? மறுபடி முழுவு!"