பாஷை வந்தால் சரியாகிவிடும்

எனக்கு முன்கோபம் அதிகம். நான் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே "வந்துட்டாங்கப்பா" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் சிறப்பாசிரியை. அரசுப் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று சோதித்துப் பார்த்து, மதிப்பீட்டுப் படிவம் நிரப்பி, பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு ஒரு ஊர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அநியாயத்தைப் பார்த்தேன். ஆந்திராவிலிருந்து கல்குவாரி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்பிள்ளை. அவளைத் தமிழில் கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்று அறிவுசார் குறைபாடு எனச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். குவாரியில் இருந்த ஒருவரைக் கூட்டிவந்து தெலுங்கில் கேட்கச் சொன்னேன். அத்தனைக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். பாஷை தெரியாததைப் புத்தி இல்லாததாக எழுத இனி யாரையும் விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். கொள்கை என்னவோ நல்ல கொள்கைதான். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதுதான் வினை.

சில வருடங்கள் கழித்து, அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்துப் பள்ளியில் இன்னொரு சிறுமியைப் பார்த்தேன். வயது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. தகப்பனும் தாயும் ஒடிசாக்காரர்கள், ஐஸ் கம்பெனியில் வேலை. வகுப்பு டீச்சர் என்னைக் கண்டதுமே புலம்ப ஆரம்பித்தார்.

"மேடம், இந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே ஏற மாட்டேங்குதுங்க. இங்கிட்டு கூப்ட்டா அங்கிட்டு பாக்குது. வாயத் தொறந்து ஒரு வார்த்த கெடயாது. ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துருங்க, நம்ம மேல பழி வராது."

சர்டிபிகேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது. "ஒங்கள ஒடிசாவுல கொண்டுபோய் ஒக்கார வெச்சா நீங்க மட்டும் பேசிருவீங்களா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டேன். டீச்சர் முகம் சுண்டிவிட்டது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

ஆத்திரத்தில் எழுதக் கூடாதென்று முறைப்படி வீட்டுக்கும் போனேன். வீடு ஐஸ் கம்பெனிக்கு உள்ளேயேதான், கம்ப்ரஸர் அறையை ஒட்டிய ஒற்றை அறை. ஒரு பக்கம் கம்ப்ரஸர், இன்னொரு பக்கம் ஐஸ் பார் எனும் பாளங்களைப் போட்டு அரைக்கும் மிஷின். பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். எத்தனை பார், எந்தப் படகுக்கு, சாப்பிட வா, பீடி இருக்கிறதா, எல்லாமே கைதான். அந்தச் சிறுமியும் கையால் பேசினாள். தாய் விரலை அசைத்தால் தண்ணீர் எடுத்து வந்தாள். தகப்பன் தலையைத் திருப்பினால் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள். வகுப்பில் மக்கு என்று சொல்லப்பட்ட பிள்ளை இங்கே ராணி மாதிரி வளைய வந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

புறப்படும்போது வாசல் வரை வந்து தாய் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னாள். ஒடியா. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தமிழ் கொஞ்சம் பழகியிருந்த தகப்பனைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லா படிக்க வைங்க சொல்லுது."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை, பாஷை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். படிவத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்துப் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. டாக்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. "அவளுக்குத் தமிழ் தெரியாது டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னது நான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

இரண்டு வருடம் போயிற்று. அவள் கரும்பலகையில் இருப்பதை அச்சு அசலாக நோட்டில் எழுதுவாள். பேச்சு மட்டும் வரவில்லை. வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. பள்ளியில் சேராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கப் போனவள் ஐஸ் கம்பெனிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். கடலுக்குப் போக்கு இல்லாததால் கம்ப்ரஸரை நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்தில் முதன்முறையாக மனிதக் குரல்களைக் கேட்டேன். நாலைந்து பேர் உட்கார்ந்து சத்தமாக ஒடியாவில் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிறுமியின் தாயும் பேசிக்கொண்டிருந்தாள். சிறுமி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தாய் அவளைக் கூப்பிட நினைத்தாள். வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய்த் தோளைத் தொட்டு, அவள் திரும்பிய பிறகு கையை அசைத்தாள்.

சத்தம் நின்ற இடத்தில் எல்லோரும் வாயால் பேசுகிறார்கள், இவளிடம் மட்டும் ஏன் கை? என் ஸ்கூட்டி சாவிக்கொத்தை சிமெண்ட் தரையில் அவளுக்குப் பின்னால் ஓங்கிப் போட்டேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாளே அவளையும் தகப்பனையும் டவுனுக்குக் கூட்டிப்போனேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் காது பரிசோதித்த பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு காதும் ஏறக்குறைய இல்லைங்க மேடம். ஆபரேஷனுக்கு வயசு தாண்டிருச்சு. மிஷின் வெச்சாலும் பேச்சு வர்றது கஷ்டம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா…"

வெளியே பெஞ்சில் தகப்பனிடம் கேட்டேன். அன்றைக்கு வாசலில் வைத்து உங்கள் வீட்டுக்காரி என்னதான் சொன்னாள்?

"பொறந்து ஒரு வருசத்துல பெரிய ஜொரம் மேடம். அப்பறம் கூப்ட்டா திரும்பல. காது பாக்கணும், மேடம்கிட்ட கேளுன்னு சொல்லுச்சு. ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டீங்கன்னு எனக்கு பயம். பின்னாடி ஊருக்குப் போய்க் காட்டலாம்னு அது அழுதுச்சு. நான்தான், மேடம் பெரிய படிப்பு, பாஷ வந்தா சரியாயிரும்னு மேடமே சொல்லிருச்சுன்னு சொன்னேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பியதைத்தான் சொன்னார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்த டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், நானும்தான் சர்டிபிகேட்டத்தான கேட்டேன், காத யோசிக்கலயே" என்றார். அவர் பெருந்தன்மை எனக்கு ஆறுதலாக இல்லை.

காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். தடைக்காலம் முடிந்து கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் அந்த இரைச்சல் மட்டும் அவள் தலைக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிடுங்கிப் போட்டுவிட்டு அலறினாளாம். கடைசியில் டவுனில் காது கேளாதோர் பள்ளியில், விடுதியில் சேர்த்தோம். அங்கே சைகை மொழியும் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுப்பார்கள். சேர்க்கிற அன்று தாய் கேட்டதைத் தகப்பன் என்னிடம் சொன்னார்: "எனக்குத் தமிழும் தெரியாது, அந்தக் கையும் தெரியாது. இனிமே நான் இவகூட எதுல பேசுறது?"

விடுதிப் படிவத்தைத் தகப்பன் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

காலாண்டு விடுமுறைக்கு அவளைக் கூட்டிவரத் தாயுடன் நானும் போனேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் சிறுமி தாயைப் பார்த்துக் கைகளால் பேசத் தொடங்கினாள். ஐஸ் கம்பெனிக் கை இல்லை அது. விரல்கள் வேகமாக மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன. புருவம் ஏறி இறங்கியது. சொல்லுவதற்கு அவளிடம் அவ்வளவு இருந்தது. அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. தாயும் பார்த்திருக்க மாட்டாள். தாய் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, பாதியில் என் பக்கம் திரும்பினாள். அதற்குள் கொஞ்சம் தமிழ் பொறுக்கியிருந்தாள்.

"என்ன சொல்லுது மேடம்?"

நான் படித்தது அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு. எனக்கு அந்த மொழி தெரியாது. "தெரியலம்மா" என்றேன்.

சிறுமி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலிலிருந்து இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். பிறகு கைகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.