தேவகி பார்த்த பேஸ்பால் ஆட்டம்

போன சனிக்கிழமை மெல்போர்னில், ஸ்பிரிங்வேல் கடையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தேன். இந்த ஊர்க் குளிருக்கு எண்ணெய் வழக்கம்போல வெள்ளையாக உறைந்து கிடந்தது. மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, லேசாக வாசனை வந்தது. அவ்வளவுதான், கால் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண்மணி இரண்டு முறை வழி கேட்டாராம். காதில் விழுந்தால்தானே.

தேங்காய் எண்ணெய் என்றால் உங்களுக்குத் தலைமுடி ஞாபகம் வரும். எனக்கு மாட்டுத்தோல். திருச்சியில் பள்ளியிலும் பிறகு கல்லூரியிலும் சாஃப்ட்பால் விளையாடிய காலத்தில், தோல் கையுறை காய்ந்து வெடிக்காமல் இருக்க அதைத்தான் தேய்ப்போம். சாஃப்ட்பால் பேஸ்பாலின் தங்கை. பந்து கொஞ்சம் பெரிசு, மைதானம் கொஞ்சம் சிறிசு, மற்றபடி ஒரே குடும்பம். அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பூப்பந்தா என்று கேட்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் கிடைக்கும் என்று தெரிந்ததும் அப்பாவே ஷூ வாங்கித் தந்தார்.

நான் பந்து எறிகிறவள், பிட்சர். மட்டைக்காரிக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவள் தேவகி, கேட்சர். என்ன பந்து போடுவது என்று அவள்தான் விரலைக் காட்டிச் சொல்வாள். நான் போடுவேன். பேப்பரில் என் படம் வரும். மூளை அவளுடையது, கை மட்டும்தான் என்னுடையது. அதில் எனக்கு வெட்கமே இருந்ததில்லை.

பிழைப்புக்காக இரண்டு பேருமே மெல்போர்ன் வந்து சேர்ந்தோம். மல்கிரேவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு. சமையல், ஆபீஸ், வாரக்கடைசியில் த பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோவில் என்று ஓடியதில் சாஃப்ட்பாலை மறந்தே போனோம். அப்புறம் தேவகிக்குப் புற்றுநோய் வந்தது.

இரண்டு சுற்று கீமோ முடிந்தது. முடி போயிற்று, நகம் கறுத்தது, கட்டி மட்டும் போகவில்லை. மூன்றாவது சுற்று குணமாக்காது, கொஞ்ச நாள் கூட்டித் தரலாம், வேண்டுமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர். யார் கேட்டாலும் தேவகி பேச்சை மாற்றினாள். அவள் கணவர் சுந்தர் என்னைத் தனியாகக் கார் ஷெட்டுக்குள் கூப்பிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு அவள்தான் எல்லாம்.

"நீங்க சொன்னா கேப்பா. எப்படியாவது சரின்னு சொல்ல வச்சிருங்க."

அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து முடியாது என்று யார் சொல்வது? தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். பிள்ளையார் எங்கேயும் போய்விட மாட்டார், எனக்கு பேஸ்பால் பார்க்க வேண்டும் என்றாள். வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு சின்ன லீக் ஆட்டம். எல்லாம் அவளே போனில் தேடி வைத்திருந்தாள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நான் ஆபீஸில் பிரசன்டேஷன் கொடுத்தே பேர் வாங்கியவள். பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் பாயின்ட் பாயின்ட்டாக அடுக்கிக்கொண்டு வந்தேன். அவளோ ஹாஸ்டல் ரசத்தில் மிதந்த கரப்பான்பூச்சியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். வெளியே கோடையில் காய்ந்த புல்வெளி, நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகள்.

ஸ்டேடியம் என்று பேர்தான். தகரக் கூரை, சில வரிசை மரப்பலகை, கம்பி வலை. ஸ்கோர் எண் பலகையை ஒருவர் ஏணியில் ஏறி மாட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் சாஸேஜ் சுட்டார்கள். அந்த வாசனை தேவகிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, காற்று வராத பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கியதும் நோயாளி எங்கே போனாளோ தெரியவில்லை. அந்தக் கேட்சருக்கு இடது முட்டி வலி, மறைக்கிறான் பார் என்றாள். இரண்டு ஓவர் கழித்து, ஓவர் இல்லை, இன்னிங்ஸ், கிரிக்கெட் புத்தி போகாது எனக்கு, அவன் நொண்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனான்.

ஆட்டம் முடிகிற நேரத்தில், அதுவரை எல்லாப் பந்தையும் விளாசிய ஒரு தடியன் மட்டையோடு வந்தான். கேட்சர் எழுந்து நின்று ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினான். இவனோடு மோத வேண்டாம், நாலு பந்தையும் எட்டாத தூரத்தில் போடு, சும்மா முதல் தளத்துக்கு நடந்து போகட்டும் என்று அர்த்தம். அந்த நாளில் தேவகி அப்படிக் கை நீட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முணுமுணுத்துக்கொண்டே போடுவேன். ஒருமுறை சண்டைக்கே போனேன். எல்லாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, முகமூடியைத் துடைக்கப் போய்விட்டாள்.

இப்போது மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மூணாவது சுத்து வேணாம்டி."

என் பாயின்ட்டெல்லாம் எங்கே போயிற்றோ. இன்னொரு தடவை யோசித்துப் பாரேன் என்றேன்.

"யோசிச்சுத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன். அவர்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா கால்ல விழுவாரு. விழுந்தா நான் சரின்னுடுவேன்."

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கூடவே பயமும். கூட்டிவந்தது நான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். தயிர்சாதத்தை நாலு வாய் சாப்பிட்டாள். திரும்பும் வழியில் சீட்டைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். நான் அழுதுகொண்டே ஓட்டினேன்.

சுந்தர் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து சொன்னேன். அவர் கத்தவில்லை.

"நீங்க கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன்.

"எத்தன தடவ?"

ஒரு தடவை என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குளிர்காலம் வருமுன் தேவகி போய்விட்டாள், வீட்டில், தன் கட்டிலில், அவள் கேட்டபடியே. அந்தச் சின்ன ஊர் அணியும் இந்த வருஷம் ஆள் சேராமல் கலைந்துவிட்டதாம். மைதானத்தை வீட்டுமனைக்காக அளந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. மல்கிரேவ் வீட்டை விற்றுவிட்டு சுந்தர் சிட்னிக்குப் போய்விட்டார். வாங்கியவர்கள் தேவகி வைத்த முருங்கையை வெட்டிவிட்டார்கள்.

தேவகியைத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. பண்டிகையில் பார்த்தால் நல்ல மனுஷி என்பார்கள், நானும் ஆமாம் என்பேன். அவள் குறட்டையும் பிடிவாதமும், கோபம் வந்தால் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். அதில் ஒருவர் என் போனை எடுப்பதில்லை.